சத்தம் போடாத எஞ்சின்

நான் நாலு வருஷம் தண்ணீரை அளந்து சம்பளம் வாங்கியவன். எழுபதுகளின் நடுவில், அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேருகிற இடத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு சின்ன மரப்படகு. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் ஏறி மந்தைவெளி, மயிலாப்பூர் என்று வடக்கே போக வேண்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு பாலத்தின் தூணிலும் அடியும் அங்குலமும் எழுதிய அளவுப்பலகை இருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த நோட்டை யாராவது படித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கால்வாய் நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது எஞ்சின். படகின் பின்பலகையில் மாட்டியிருந்த அந்த டூ ஸ்ட்ரோக் சனியன் போட்ட சத்தத்தில் பல்லெல்லாம் ஆடும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்டுகிற எஞ்சின் அது. நீலப் புகை படகைச் சுற்றியே வரும். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் தயிர்சாதத்தில்கூட ஆயில் வாசனை. என் மனைவி என் சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பாள். எனக்குக் கோபம் அப்போதெல்லாம் மூக்கு நுனியில் இருக்கும். அந்த எஞ்சினைத் திட்டாத நாள் கிடையாது.

படகை ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். ஆற்றோரக் குடிசையில் தனியாக இருந்தார். பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம். ஒரே மகளை அசோக் நகர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். இருபது வருஷம் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது பாதிக்குமேல் போய்விட்டது. கரையில் இருக்கும்போது ஆள் பேசவே மாட்டார். கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆனால் படகு கிளம்பிவிட்டால் அவர் உதடு அசைய ஆரம்பிக்கும். கொட்டகைக்குத் திரும்பும்வரை நிற்காது. வெற்றிலை மெல்லுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஏதோ பாட்டு என்று நினைத்தேன். கேட்கவா முடியும், அந்தச் சத்தத்தில்?

தலைவலி தாங்காமல் நான்தான் மேலே எழுதிப் போட்டேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. கடைசியில் எங்கள் இன்ஜினீயர், என் தொல்லை பொறுக்காமல், எங்கேயோ ஏலத்தில் ஒரு வெளிநாட்டு எஞ்சினை எடுத்துக் கொடுத்தார். ஃபோர் ஸ்ட்ரோக். மெட்ராஸில் அப்போது அப்படி ஒன்றைப் படகில் பார்த்தவர்கள் குறைவு. மாட்டிக் கொடுக்க வந்த சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக்கே அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இத பாரு பெருசு," என்று அவர் டிரைவரின் காதருகே கத்தினார். "இதுல பெட்ரோலு வேற, ஆயிலு வேற. பெட்ரோல்ல ஆயில் கலக்கவே கூடாது. ஆயிலு கீழ தனியா இந்தத் தொட்டில ஊத்தணும். ஒரு மாசம் ஓட்னப்பறம் பழச வட்ச்சிட்டு புச்சு ஊத்து. ஆயில் இல்லாம ஓட்ன, அவ்ளோதான், எஞ்சின் புட்ச்சிக்கும். இன்னா, புரிஞ்சிதா?"

டிரைவர் தலையாட்டினார். பழைய எஞ்சினைக் கோணியில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்தார். வைத்துவிட்டுச் சற்று நேரம் அதன் பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் காலை புது எஞ்சினோடு கிளம்பினோம். கயிற்றை இழுத்ததும் ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதான். டிரைவர், "இன்னா சார், ஓடுதா?" என்று எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒரே குஷி. கால்வாய்க்குள் திரும்பினோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அத்தனை நாளும் நான் அந்தக் கால்வாயைப் பார்த்திருக்கிறேனே தவிர, கேட்டதே இல்லை. மதகுக்குள் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம். கரையோர விறகுக் கடையில் கட்டை பிளக்கிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவது. முன்பெல்லாம் எங்கள் சத்தம் அரை மைல் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடும், கரையில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இப்போது நாங்கள் வருவதே யாருக்கும் தெரியவில்லை. கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ!" என்று அலறினாள். காலை எட்டரை மணி வெயிலில் எங்களைப் பார்த்து ஒருத்தி பயந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

முதல் பாலம் தாண்டியதும் டிரைவர் பேச ஆரம்பித்தார்.

"பொண்ணு வந்துச்சு நேத்து," என்றார், ஊருக்கே கேட்கிற குரலில். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மாசமாம். வாந்தியா எட்த்துக்கினு கீது. உன்னாண்ட சொல்லச் சொல்லிச்சு."

நிறுத்தினார். யாரோ பதில் சொல்வதற்கு விடுகிற அளவு நேரம். பிறகு, "ஆமா, நானும் அதான் சொன்னேன். புளிப்பா எதுனா வாங்கிக் குடுன்னேன் மாப்ளகிட்ட," என்றார். மறுபடி நிறுத்தினார். சிரித்தார். "போ, உனுக்கு எப்பவும் என்னைக் கிண்டல் பண்ணணும்."

நடுப்பலகையில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷமாக அந்த உதட்டசைவு இதுதானா? காது கேட்காதவர் அல்லவா, தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய எஞ்சின் சத்தத்தில் பேசியபடியே பேசுகிறார். எனக்குக் கேட்கும் என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. செத்தவளோடு ஒருவர் பேசுவதை ஒட்டுக்கேட்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சொல்லலாமா? எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாளைக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் கியூவில் நின்றது, கூரையில் ஓலை மாற்றியது, மகளுக்கு வாந்தி நிற்காதது எல்லாம் தினம் என் முதுகுக்குப் பின்னால் உரக்க நடந்தது. அவர் விடுகிற இடைவெளிதான் எனக்குத் தாங்கவில்லை. சும்மா பேசிக்கொண்டே போனால் கிறுக்கு என்று விட்டுவிடலாம். அவர் கேட்டுவிட்டல்லவா பேசினார்? அவள் பேச்சுக்குக் குறுக்கே பேசிவிட்டால், "சரி, நீ சொல்லு," என்று நிறுத்தினார்.

மயிலாப்பூரில் ஒரு தாழ்ந்த பாலம். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே போனால் வெளிச்சம் சட்டென்று குறையும், குரலெல்லாம் இரண்டாகக் கேட்கும். ஒருநாள் அதற்குள் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் ரேஷன் கடைக்காரனைப் பற்றிக் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தார். பாலத்தடியில் அது காது ஜவ்வைக் கிழித்தது. எனக்கு முந்தின ராத்திரி தூக்கம் இல்லை. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வாயெடுத்தேன்.

"மெதுவா பேசுய்யா. எனக்குக் கேக்குது."

பெண் குரல். என் இடது பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த அதே பலகையில் இருந்து. கொஞ்சம் கரகரத்த குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வதுபோல் இருந்தது.

பலகையில் யாரும் இல்லை. மேலே பாலத்தில் போன யாரோ சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கே அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்றும் யோசித்தேன். என் குரல் எனக்குத் தெரியாதா? டிரைவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் ரேஷன் கடைக்காரனை விடவே இல்லை. அன்றைக்கு அந்தப் பாலத்தின் அளவை நான் எழுதவே இல்லை. முந்தின நாள் எழுதியதையே பார்த்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு படகில் இன்னொன்றும் கவனித்தேன். நான் பலகையின் வலது ஓரத்தில் நகர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தேன். அப்படியானால் படகு வலது பக்கம்தானே சாய வேண்டும்? சாயவில்லை. இரண்டு பக்கமும் கையால் அளந்தேன். தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே இடது பக்கம் இரண்டு விரல் குறைவாக இருந்தது. தண்ணீரை அளக்கிறவன் கண் பொய் சொல்லாது. இதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

டிரைவருக்கு விஷயம் தெரிந்தது என்னால் இல்லை. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவன் கரையிலிருந்து, "இன்னா நைனா, சம்சாரத்தாண்ட பேச்சா? நாங்களும்தான் தெனம் கேக்குறோம், கொஞ்சம் ஏலேலோவும் பாடேன்!" என்று கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள். அந்தக் கத்தல் அவருக்குக் கேட்டுவிட்டது. எஞ்சினை அணைத்தார். படகு அதுபாட்டுக்கு மிதந்தது.

"சார், நான் பேசறது வெளிய கேக்குதா?"

தலையாட்டினேன்.

"உங்களுக்கும்?"

"இந்த எஞ்சின் வந்ததிலேர்ந்து," என்று உரக்கச் சொன்னேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு, என்னிடம் அதற்குமுன் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷர், எல்லாவற்றையும் சொன்னார். பெண்டாட்டி மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி நாள் சாயங்காலம் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னாளாம்.

"காதுல வுழல சார். ஒதடு மட்டும் அசையுது. இன்னா இன்னான்னு கேக்குறேன். மறுக்கா சொல்லிச்சு. அதுவும் வுழல. அப்பறம் கண்ண மூடிச்சு. அந்தப் பழைய எஞ்சின்தான சார் என் காத எட்த்துச்சு? அதுக்குத்தான் இந்தப் படகுலயே குந்திக்கினு பேசிக்கினே கெடக்குறேன். இன்னிக்கில்லன்னா நாளைக்கு, அது இன்னா சொல்லிச்சுன்னு சொல்லிப்புடும். அதொண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குக் காது நல்லா கேக்குதே. நீங்க எதுனா கேட்டீங்களா சார்?"

"இல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம், வேறென்ன. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அதே பலகையில் போய் உட்கார வேண்டுமே!

அதன்பிறகு அவர் படகில் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவர் கத்தலே தேவலை. எஞ்சின் முணுமுணுக்கிறது, தண்ணீர் பிரிகிறது, பின்னால் ஒருவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தே நாளில் ஆள் பாதியாகிவிட்டார். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். "நான் பேசலன்னா அது எதுக்கு சார் வரும்? பூட்டிருக்கும்," என்றார் ஒருநாள். அது போகவில்லை என்று எனக்குத் தெரியும். இடது பக்கம் இரண்டு விரல் குறைவு அப்படியேதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாசம் முடிந்தது. ஆயில் மாற்ற வேண்டிய நாள். காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது அவர் அடித்தொட்டியில் இருந்த பழைய ஆயிலைத் தகரத்தில் வடித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகினார். புது ஆயில் டின்னை உடைத்தார். பெட்ரோல் கேனைத் திறந்து, ஆயிலை அதற்குள் ஊற்றி, இருபது வருஷமாகக் குலுக்கிய மாதிரி குலுக்கினார். குலுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன், அடித்தொட்டி காலியாகவே இருந்ததையும். மெக்கானிக் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. கை பழக்கத்தில் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தேன்.

மந்தைவெளி வருவதற்குள் எஞ்சின் சூடேறி ஒரு மாதிரி கீச்சிட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. சவுக்குக் கழியால் தள்ளிக்கொண்டு திரும்பினோம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சோக்கான எஞ்சின்யா! கலக்காத கலக்காதன்னு அவ்ளோ சொன்னேனே!" என்றார். விசாரணைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'நெடுங்காலப் பழக்கத்தால் நேர்ந்த கவனக்குறைவு.' இன்ஜினீயர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோணியைப் பிரித்துப் பழைய எஞ்சினை மாட்டினார்கள்.

மறுநாள் அந்தச் சனியன் அலறிக்கொண்டு கிளம்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. திரும்பிப் பார்த்தேன். புகைக்கு நடுவே அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இடைவெளி விட்டார். காது கொடுத்தார். மறுபடி பேசினார். அவர் கெஞ்சுகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அது தினமும் நடந்தது. எனக்குத்தான் முடியவில்லை. அந்த மனுஷர் எதற்காகத் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டு வருகிறாரோ, அது என் வயிற்றுக்குள் கிடக்கிறது. நான் பேசாமல் தண்ணீரை அளந்துகொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு மனுஷனா? மூன்றாவது வாரம், அந்தத் தாழ்ந்த பாலத்தடியில், கையை ஆட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சத்தம் அடங்க நேரம் பிடித்தது. தலை இடிக்காமல் எழுந்து அவர் பக்கத்தில் போய், கொஞ்சமாவது கேட்கிற அந்த இடது காதருகே குனிந்தேன்.

"அன்னிக்கு என்னைக் கேட்டீங்களே, ஏதாவது காதுல விழுந்துதான்னு. விழுந்துது. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"இந்தப் பாலத்துக்கு அடியிலதான். நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க. 'மெதுவா பேசுய்யா, எனக்குக் கேக்குது'ன்னாங்க. என் பக்கத்துலேர்ந்து."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"அதட்டிச் சொல்லிச்சா சார், நல்லா சொல்லிச்சா?"

"நல்லாத்தான் சொன்னாங்க. சிரிச்ச மாதிரி."

"மறுக்கா சொல்லுங்க."

சொன்னேன். அவர் சத்தம் வராமல் உதட்டால் மட்டும் அதைச் சொல்லிப் பார்த்தார். மெ. து. வா. பே. உதடு ஒருமுறை மூடித் திறந்தது, இன்னொரு முறை மூடித் திறந்தது. விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

"இதான் சார். அன்னிக்கு ஆஸ்பத்திரில இப்டித்தான் அசைஞ்சிது. நான்தான் இன்னா இன்னான்னு அது மூஞ்சிக்கு நேரா கத்திக்கினே இருந்தேன். நர்சம்மா ஓடியாந்து என்னைத் திட்டிச்சு. ரெண்டு தபாவும் இதான் சார் சொல்லிச்சு."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, தவழ்ந்தாற்போல் நடுப்பலகைக்கு வந்தார். நான் உட்காராத அந்த இடது பக்கமாகக் குனிந்தார். ஏதோ சொன்னார். பாலத்தடியில் எஞ்சின் ஓடவில்லை, தண்ணீர்கூட அசையவில்லை. இரண்டு முழ தூரத்தில் இருந்த எனக்கு அவர் சொன்னது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.